விண்ட்ஸ்கிரீனை இழுத்துப் பிடித்து உட்கார வைக்காதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்பத்தூரில் தகரக் கொட்டகைக்குள் நீங்களும் மாமாவும் சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பாகங்களாக வாங்கிய கிட்டோடு வந்த, கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக் விண்ட்ஸ்கிரீனைப் பிரித்து வைத்துப் பார்த்தால், இடது கீழ் மூலை மட்டும் ஒரு விரல் தடிமனுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்க்ரூ போட்டு இழுத்தால் படிந்துவிடுமா, எதை வைத்து அறுப்பது, எந்தப் பசை போடுவது, இதெல்லாம் வேண்டாம் என்று மாமா சொல்கிறபடி உடையாத பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக்குக்கே மாறிவிடலாமா? இவ்வளவுதானே கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ போட்டு இழுத்தால் படியும். அன்றைக்குப் பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் இழுக்கக் கூடாது. ஷீட் தன் எடையில் தானாகப் போய் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அறுக்க வேண்டிய இடம் இன்னும் மிச்சம் இருக்கிறது, இல்லாவிட்டால் சட்டத்தில் கோணல் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு விரிசலிடமிருந்து. பல வருடங்களுக்கு முன்னால், சிறிய விமானம் ஒன்றுக்கு விண்ட்ஸ்கிரீன் மாற்றினேன். மே மாதம், மத்தியானம், கொட்டகைக்குள் 42 டிகிரிக்குக் குறையாது. கையிலிருந்த சாதாரண ட்ரில் பிட்டால் ஸ்க்ரூவின் அளவுக்கே கச்சிதமாக ஓட்டை போட்டேன். ரப்பர் பிதுங்கும் வரை ஸ்க்ரூவை முறுக்கினேன். உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மார்கழியில் ஒரு விடியற்காலை, பனி ஈரத்தோடு இருந்த உறையை எடுத்தபோது, இடது பக்கத்திலிருந்து ஆறாவது ஓட்டையில் தொடங்கி உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, எதுவும் மோதவில்லை. கழற்றிப் பார்த்தேன். அந்த ஓட்டையின் உள்சுவர் முழுக்க ட்ரில் பிட் கடித்த வெள்ளைப் பொத்தல்கள். மற்ற ஓட்டைகளில் நாலைந்தில் மயிரிழை போல விரிசல் புறப்படத் தொடங்கியிருந்தது. மார்கழியில் தெரிந்த அந்தக் கோடு மே மாதமே நான் போட்டு வைத்தது.

ஏன் அப்படி ஆனது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். அக்ரிலிக் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு சுமார் 0.07 மி.மீ. நீளும், சுருங்கும். அலுமினியம் 0.023 மி.மீ. தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உங்கள் விண்ட்ஸ்கிரீனின் கீழ் வளைவு 1.1 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். 20 டிகிரி குளிர்ந்தாலே அக்ரிலிக் அலுமினியத்தைவிட ஒரு மி.மீ. அதிகம் சுருங்கப் பார்க்கும். ஸ்க்ரூக்கள் விடவில்லை என்றால் அந்த ஒரு மி.மீ. முழுவதும் இழுவிசையாக ஓட்டைகளின் ஓரத்தில் போய் நிற்கும். அக்ரிலிக் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதுவும் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் கிழிந்த வேட்டியில் விரல் விட்டு இழுத்த மாதிரிதான்.

உங்கள் விமானத்துக்கு இந்த வெப்ப வித்தியாசம் இன்னும் பெரியது. சென்னையில் 2003 மே கடைசியில் 45 டிகிரி வரை போனது. வெயிலில் மூடி நிறுத்திய காக்பிட்டில் பிளாஸ்டிக் 60 டிகிரியைத் தாண்டும். அதே விமானம் ஜனவரி காலையில் பத்தாயிரம் அடியில் பறந்தால் வெளிக்காற்று பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். ஆக 50 டிகிரி ஆட்டம். அதற்கு 2.6 மி.மீ. இடம் விட வேண்டும். நடுவில் ஒரு இடத்தைப் பிடித்து வைத்தால் ஒவ்வொரு முனைக்கும் 1.3 மி.மீ. வரும். இதில் நம் ஊருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. பத்துக்கும் அறுபதுக்கும் நடுவில் இருப்பது 35 டிகிரி. பங்குனி, சித்திரையில் காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குள் அந்தச் சூடுதான் இருக்கும். அந்த நேரத்தில் ஓட்டை போட்டால் ஷீட் தன் ஆட்டத்தின் நடு நிலையில் இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக நகர இடம் கிடைக்கும். குளிர்நாடுகளில் இந்த வேலைக்காக ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்குகிறார்கள், ஏனென்றால் குளிர்ந்த அக்ரிலிக் அறுக்கும்போதே தெறிக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஏ.சி. அறைக்குள் மட்டும் கொண்டுபோய் வைத்து அறுக்காதீர்கள்.

சரி, இடது மூலைக்கு வருவோம்.

மூலை தூக்கி நிற்கிறது என்றால் கோளாறு மூலையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் வேறெங்கோ முட்டிக்கொண்டு நிற்கும். எங்கே என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சட்டத்தின் மேலும், முன்பக்கத் தகட்டின் மேலும், விண்ட்ஸ்கிரீன் படும் கோடு நெடுகச் சாக்பீஸை நன்றாகத் தேயுங்கள். இரண்டு பேராகப் பிடித்து ஷீட்டை மெதுவாக வைத்து, தன் எடையில் விட்டு, நேராகத் தூக்குங்கள். இழுக்கவோ நகர்த்தவோ கூடாது. ஷீட்டின் ஓரத்தில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் அது நிற்கிறது. உங்கள் படத்தைப் பார்த்தால் முன்பக்க நடுப்பகுதி தகட்டின் மேல் முதலில் முட்டி, அதனால் இரண்டு மூலையும் தூக்கி, வலது மூலை எப்படியோ இறங்கிவிட்டது போல எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் நடுவில் ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அறுத்தால் மூலை தானாக இறங்கும். மூலையை அறுத்தால் கெட்டது, திரும்ப ஒட்ட முடியாது.

அதற்கு முன்னால் சட்டத்தையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். இருக்கைக்கு முன்னால் இருக்கும் ரோல் பாரின் (விமானம் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுச் சட்டம்) இரண்டு கால்களும் ஒரே உயரமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் இருந்தால் இன்னும் நல்லது. ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்பக்கத் தகட்டின் இரண்டு மூலைகளுக்கும் நூல் பிடித்துக் குறுக்களவு எடுங்கள். இரண்டும் ஐந்து மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் அக்ரிலிக்கைத் தொடாதீர்கள், சட்டத்தைச் சரி செய்யுங்கள். இரண்டும் சரியாக இருந்து, அறுத்து முடித்த பிறகும் இடைவெளி நின்றால், அது ஷீட்டை அச்சில் ஊதி வடிவம் கொடுக்கும்போதே வந்த வித்தியாசம். அப்போதும் ஷீட்டை வளைக்க வேண்டாம். சட்டத்தின் மேல் ஃபைபர் கிளாஸும் எப்பாக்ஸியும் வைத்து, ஷீட் நிற்கும் உயரத்துக்குச் சட்டத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கும் அளவு இது: இரண்டு விரலால் லேசாகத் தொட்டால் படிய வேண்டும். உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் வேலை பாக்கி.

ஹீட் கன் வைத்து அந்த மூலையை மட்டும் இளக்கி வளைக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். அக்ரிலிக் 105 டிகிரியை ஒட்டித்தான் இளகத் தொடங்கும், வடிவம் கொடுக்க 150 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரு மூலையை மட்டும் சூடாக்கினால் சூடான பகுதிக்கும் ஆறின பகுதிக்கும் நடுவில் ஒரு உள் இழுப்பு தங்கிவிடும். கூடவே பார்வை நெளியும். வேண்டாம்.

அறுப்பதைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், பயம் அதில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் நல்லதுதான், கை நடுங்காமல் இருந்தால் போதும்.

ஷீட்டின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலத்தை எடுக்காதீர்கள். கோடு போடுவதெல்லாம் அந்தப் படலத்தின் மேல்தான். வெறும் அக்ரிலிக்கில் மார்க்கர் பேனா பட வேண்டாம், அதன் மையில் ஆல்கஹால் இருக்கும். பழைய ஜமுக்காளம், தலையணை, மணல் மூட்டை எதையாவது அடுக்கி, ஷீட்டின் வளைவு முழுவதும் தாங்கும்படி ஒரு தொட்டில் மாதிரி செய்துகொள்ளுங்கள். எங்கேயும் அந்தரத்தில் தொங்கக் கூடாது. ரம்பப் பல் உள்ள ஜிக்ஸாவைத் தள்ளி வையுங்கள். அதன் பல் மேலும் கீழும் அடித்து அடித்து ஷீட்டை உதறும், அந்த உதறல்தான் உடைக்கும். டை கிரைண்டர் என்ற சிறிய கைக் கிரைண்டரில் மெல்லிய, மூன்று இஞ்ச் கட்டிங் வீல் போட்டு அறுப்பதுதான் பாதுகாப்பு. அது அறுப்பதைவிடத் தேய்க்கிறது என்றே சொல்லலாம். வேகத்தைக் குறைக்க முடியாத நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் அக்ரிலிக்கை உருக்கிவிடும், பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

முதல் வெட்டில் இறுதிக் கோட்டுக்குப் போகவே கூடாது. அச்சில் பிடித்திருந்த தட்டையான ஓரத்தை மட்டும் முதலில் கழியுங்கள். அப்புறம் கோட்டிலிருந்து அரை இஞ்ச் வெளியே. வைத்துப் பாருங்கள், சாக்பீஸ் தடவுங்கள். அடுத்தது இரண்டு நூல். மறுபடி வைத்துப் பாருங்கள். கடைசி ஒரு நூலை வீல் வைத்துக் கழிக்க வேண்டாம், மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தே எடுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாது. முடிக்கப் பார்க்கவும் வேண்டாம்.

வீல் ஓடும்போது கையை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். அக்ரிலிக் தூளுக்கு ஒரு தித்திப்பான நெடி உண்டு, பல் செட் செய்யும் இடத்தில் வருமே, அதே நெடி. பல் செட்டும் இதே பொருள்தான். அந்த நெடி திடீரென்று கூடி, தூளுக்குப் பதில் இழை இழையாக வரத் தொடங்கினால் சூடேறுகிறது என்று அர்த்தம். கையை எடுத்து அரை நிமிடம் ஆற விடுங்கள். வெட்டி விழப்போகும் துண்டை மாமா பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டு டேப்பைக் குறுக்கே ஒட்டினால், துண்டு தொங்கி, கடைசி இஞ்சைக் கிழித்துக்கொண்டு போகாது. உள்நோக்கிய மூலை எங்கேயாவது இருந்தால் நேராக இரண்டு வெட்டு கொடுத்து முனையில் சேர்க்காதீர்கள். முதலில் அங்கே வட்டமாக ஒரு ஓட்டை போட்டுவிட்டு அதுவரை வெட்டுங்கள். கூர்மூலையில் விரிசல் தானாகவே பிறக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் இரண்டு பேருக்கும் வேண்டும்.

ஒவ்வொரு தடவை அறுத்த பிறகும், ஷீட்டைத் தூக்குவதற்கு முன்னாலேயே, அந்த ஓரத்தை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். இதைப் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். வீல் போன ஓரம் நூறு சின்னப் பல் உள்ளதாக இருக்கும். தூக்கும்போது ஷீட் கொஞ்சம் வளையும், அந்தப் பல்லில் ஏதாவது ஒன்று ஓடிவிடும். முதலில் 120-ம் எண் உப்புத்தாள், பிறகு 220, கடைசியில் தண்ணீரோடு 400. அரமானாலும் உப்புத்தாளானாலும் ஓரத்தின் நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஷீட்டின் உள்ளே பார்த்து நிற்கும். இரண்டு விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள். முடிந்ததா என்று பார்க்க நான் ஒரு துண்டு பஞ்சை எடுத்து ஓரம் நெடுக ஓட்டுவேன். இழை எங்கேயாவது சிக்கினால் அந்த இடத்தில் இன்னும் தேய்க்க வேண்டும்.

ஓட்டை போடுவதற்கு வருகிறேன். விண்ட்ஸ்கிரீன்கள் அதிகம் சாவது இங்கேதான்.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் போடுகிற ட்ரில் பிட்டின் வெட்டும் உதடு உலோகத்தைக் கடித்து உள்ளே இழுக்கும்படி செய்யப்பட்டது. அக்ரிலிக்கின் மறுபக்கம் வெளியே வரும் அந்தக் கடைசிக் கணத்தில் அது கடித்து, ஷீட்டைத் தன்மேல் தூக்கிக்கொள்ளும். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். எனவே அக்ரிலிக்குக்கென்றே தீட்டிய கூர்முனை பிட் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண பிட்டின் உதட்டை எமரிக் கல்லில் தட்டையாக்கி, கடிக்காமல் சுரண்டும்படி செய்துகொள்ளலாம். எனக்குப் பிடித்தது படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் ட்ரில். செம்புதாஸ் தெருவில் தேடினால் கிடைக்கும். அது ஒவ்வொரு படியிலும் கொஞ்சமாகத்தான் சீவும், வெளியே வரும்போதும் கடிக்காது. பின்னால் ஒரு மரத்துண்டை அணைத்துப் பிடித்து, மெதுவான வேகத்தில், ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் போடுங்கள். தொடர்ச்சியாகச் சுருள் வந்தால் நன்றாகப் போகிறது. பொடியாக உதிர்ந்தால் பிட் மழுங்கியிருக்கிறது, அல்லது நீங்கள் அவசரப்படுகிறீர்கள்.

நல்ல ஷீட்டில் முதல் ஓட்டை போடுவதற்கு முன், கழித்த ஓரத்துண்டுகளில் முப்பது ஓட்டையாவது போட்டுப் பழகுங்கள். முப்பதாவது ஓட்டையின் உள்சுவரை வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடிக் குழாய் போலத் தெரிய வேண்டும். வெள்ளையாகப் பூத்திருந்தால் நீங்கள் இன்னும் தயாரில்லை.

வரிசை முக்கியம். முன்பக்க நடுவில் முதல் ஓட்டை. அதில் கிளிக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் ஸ்ப்ரிங் ஊசி) போட்டுப் பிடித்து, இடது ஒன்று, வலது ஒன்று என்று வெளியே போங்கள். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கினால் மறுபக்கம் போவதற்குள் ஷீட் ஊர்ந்துவிடும். எல்லாம் முடிந்தபின் ஷீட்டைக் கழற்றி, ஷீட்டில் இருக்கும் ஓட்டைகளை மட்டும் பெரிதாக்குங்கள். 4 மி.மீ. ஸ்க்ரூ என்றால் நடு ஓட்டையை 5 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள், முனைகளுக்குப் போகப் போக 6 வரை போகலாம். ஓட்டைக்கும் ஷீட்டின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது ஓட்டையின் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு வேண்டும், நான் மூன்று மடங்கு விடுவேன். கிட் தயாரித்தவரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் செல்லும், நான் சொல்வது அல்ல. வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு, அன்றைய வெப்பநிலையோடு படமெடுத்துப் பதிவேட்டில் வையுங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதிக்கு ஆய்வு வரும்போது அந்தப் பதிவேடுதான் உங்களுக்காகப் பேசும்.

மாமாவின் யோசனையைப் பற்றி. அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, ட்ரில் கடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சுலபமாகக் கீறும், வெயிலில் மஞ்சளாகும். அதைவிட முக்கியமானது பெட்ரோல். இழுப்பில் இருக்கும் பாலிகார்பனேட்டின் மேல் பெட்ரோல் பட்டால் அதன் பலமெல்லாம் போய் வெடிக்கும். உங்கள் எஞ்சின் பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஓடுவது என்று எழுதியிருக்கிறீர்கள். டேங்க் நிரப்பும்போது தெறிக்காமல் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? அச்சில் ஊதி வடிவம் கொடுத்த ஷீட்டுக்குப் பதில் தட்டையான ஷீட்டை வளைத்துப் போட வேண்டியும் வரும். உங்கள் விண்ட்ஸ்கிரீன் இரண்டு பக்கமும் வளைந்தது, தட்டை ஷீட் அந்த வடிவத்துக்கு வராது. அக்ரிலிக்கிலேயே இருங்கள்.

இன்னொன்று. பெயர்ப் பலகைக் கடைகளில் பழகுவதற்குத் துண்டு வாங்கும்போது எது எது என்று சீட்டு இருக்காது. போனில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதன்மேல் துண்டைப் பிடித்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பாலிகார்பனேட்டில் வானவில் நிறங்கள் பளிச்சென்று தெரியும். அக்ரிலிக்கில் மங்கலாக ஏதோ தெரியும், அல்லது ஒன்றும் தெரியாது.

அக்ரிலிக்கைப் பற்றி எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானக் கேனப்பியின் (விமானி தலைக்கு மேல் இருக்கும் அக்ரிலிக் மூடி) சில்லுகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்தும் கண் அதை ஏற்றுக்கொண்டதைக் கவனித்த லண்டன் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி, 1949-ல் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். மதுரையில் ஆரோலேப் 1992-லிருந்து அந்த மாதிரி லென்ஸ்களைச் செய்துவருகிறது. என் அம்மா இப்போது செய்தித்தாள் படிப்பது அப்படி ஒரு லென்ஸ் வழியாகத்தான். கண்ணுக்குள்ளேயே வருடக்கணக்கில் சும்மா இருக்கிற பொருள், ஒரு துளி தின்னர் பட்டால் தாங்காது. அதனால்தான் அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட் எதுவும் அதன் பக்கம் வரக் கூடாது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதுவும் சேர்த்தி. இழுப்பில் இருக்கும் இடத்தில் இவை பட்டால் சிலந்தி வலை போல நுண்விரிசல் பூக்கும், போகாது. நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். கழித்த ஓரத்திலிருந்து ஒரு இஞ்ச் அகலத்தில் ஒரு அடி நீளத் துண்டை எடுத்து, ஒரு குழாயின் மேல் கொஞ்சம் வளையும்படி இரண்டு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். மேல்பக்கம் ஒரு சொட்டுத் தின்னர் வைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சொட்டின் கீழே வெள்ளிக் கம்பிகள் மாதிரி கோடுகள் வரும். நீங்கள் போட நினைக்கும் ஒவ்வொரு பசையையும், ஒவ்வொரு ரப்பரையும், ஒவ்வொரு பாலீஷையும் இதே துண்டில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் இந்தத் துண்டு சொல்வதை நம்புங்கள்.

அந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்பவை சில உண்டு, முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மரையில் விடும் த்ரெட் லாக்கர் பசை கூடாது, உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போடுங்கள். பி.வி.சி. குழாயை ஸ்க்ரூவின் மேல் உறையாகப் போடாதீர்கள். அதை மென்மையாக்கும் எண்ணெய் அக்ரிலிக்குக்குள் இறங்கும், நைலான் உறை நல்லது. வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் அலுமினியத்தை அரிக்கும், அது வேண்டாம். முன்பக்க ஓரத்தில் ஃபைபர் கிளாஸ் பட்டை கட்டும்போது பாலியஸ்டர் ரெசின் கூடாது, அதிலுள்ள ஸ்டைரீன் அக்ரிலிக்கைத் தின்னும். எப்பாக்ஸிதான். பட்டை ஒட்டும் அகலத்துக்கு மட்டும் படலத்தைக் கீறி எடுத்து, 220 உப்புத்தாளால் மங்கலாகும் வரை தேய்த்துவிட்டு, கோட்டுக்கு மேலே இரண்டு அடுக்கு டேப் ஒட்டுங்கள். கீறும்போது பிளேடு அக்ரிலிக்கைத் தொடக் கூடாது. ஒரு நூல் கட்டி இழுத்து படலத்தைக் கிழித்தால் பிளேடே வேண்டாம்.

படலத்தைப் பற்றி நம் ஊருக்கான ஒரு எச்சரிக்கை. தகரக் கொட்டகையில் ஒரு கோடை முழுக்க ஷீட்டைப் போட்டு வைத்தால் அந்தப் படலம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அரை நாள் வெந்நீரும் சோப்பும் வைத்து ஊறவைத்து, நகத்தால் எடுக்க வேண்டியிருக்கும். ஏப்ரலுக்கு முன் வேலை முடியாது என்று தெரிந்தால் ஷீட்டை வீட்டுக்குள் கொண்டுபோய், சாய்த்து வைக்காமல், வளைவு தாங்கும்படி படுக்க வையுங்கள்.

கடைசியாகப் பொருத்துவது. வாஷரும் ரப்பரும் போட்டு, ஸ்க்ரூவை விரலால் முறுக்கி, ரப்பர் லேசாகத் தொட்டவுடன் நிறுத்துங்கள். நைலாக் நட்டாக இருந்தால் சரியாகப் பிடித்தவுடன் அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று வரை திருப்பி விடுங்கள். தலை தட்டையாக உட்காரும் ஸ்க்ரூ நல்லது. கூம்புத் தலை ஸ்க்ரூ ஆப்பு மாதிரி ஓட்டையைப் பிளக்கப் பார்க்கும். இவ்வளவு தளர்வாக இருந்தால் காற்றுக்குத் தாங்குமா என்று உங்களுக்குத் தோன்றும். 100 நாட் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகத்தில் முன்னால் நேராக அடிக்கும் காற்று சதுர மீட்டருக்கு சுமார் 165 கிலோ அழுத்தும், ஆனால் அது ஷீட்டைச் சட்டத்தின் மேல்தான் தள்ளுகிறது. ரோல் பாரை ஒட்டிய மேல் வளைவில் காற்று உறிஞ்சித் தூக்கப் பார்க்கும். ஆகவே அந்தப் பின்ஓரத்தின் மேல் ஒரு அலுமினியப் பட்டையோ ஃபைபர் பட்டையோ முழு நீளத்துக்கும் கவ்வியிருக்க வேண்டும். ஸ்க்ரூ தலைகளை மட்டும் நம்பக் கூடாது. கவ்வட்டும், நெருக்கக் கூடாது. ஷீட் அதற்குள் வழுக்கிப் போய்வர முடிய வேண்டும்.

பொருத்திய பிறகு இருக்கையில் உட்கார்ந்து, தலையை மெதுவாக இடம் வலம் ஆட்டிக்கொண்டே எதிரே ஒரு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். ஓரங்களில் கம்பி கொஞ்சம் நெளியும், பரவாயில்லை. நேர் எதிரே, தரையிறங்கும்போது பார்க்கும் இடத்தில் கம்பி துள்ளினால் எனக்கு எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தோட்டத்துக் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து உள்ளே யாரையாவது டார்ச்சோடு உட்கார வையுங்கள். இன்ஸ்ட்ருமென்ட் பேனலுக்குப் பின்னால் ஒழுகினால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

முதல் பத்து மணி நேரப் பறத்தலுக்குப் பிறகு, விடியற்காலையில், ஷீட் குளிர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு ஓட்டையையும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் விரிசல் தெரியாது, பக்கவாட்டில் அடித்தால்தான் கோடு மின்னும். ஏதாவது தெரிந்தால் அந்த விரிசல் முடியும் முனையிலேயே இரண்டு மி.மீ. ஓட்டை ஒன்றைப் போட்டு, மேலே ஓடாமல் நிறுத்தலாம். அது தற்காலிகம்தான், விமானம் அதோடு பறக்கக் கூடாது.

சாக்பீஸ் சோதனையை இந்த வாரம் செய்துவிட்டு, வெள்ளை எங்கே ஒட்டியது என்று படம் அனுப்புங்கள். அதுவரை இடது மூலையைத் தொட வேண்டாம். நடுவில் முட்டுகிறது என்று உறுதியானால், முதல் நூல் அறுக்கும் அன்று நானே ஸ்டெப் ட்ரில்லோடும் என் டை கிரைண்டரோடும் அம்பத்தூருக்கு வருகிறேன்.